ஊர் சுற்றக் கிளம்புகிறீர்களா? காமிராவுக்கும் கால் வேண்டும்!

ஒக்கலிபுரத்தில் சனிக்கிழமை இரவு என்றால் அது பை கட்டும் இரவு. ரெயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சந்துகளில், ஏதாவது ஒரு வீட்டிலாவது மறுநாள் பயணம் இருக்கும். ஒரு குடும்பம் மைசூருக்குப் போகும். ஒரு இளைஞர் கூட்டம் விடியுமுன் நந்தி மலைக்குக் கிளம்பும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். புளிசாதம், தண்ணீர் பாட்டில், போர்வை, குழந்தைக்கு மாற்றுத்துணி எல்லாம் பைக்குள் போய்விடும். கடைசியாக செல்போன் சார்ஜர். காமிரா வைத்திருப்பவர்கள் காமிராவையும் எடுத்துக்கொள்வார்கள்.

போய்வந்த பிறகு படங்களைப் பார்க்கும்போதுதான் குறை தெரியும். ஊரிலிருந்து வந்த பாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்ப்பாள். அரண்மனை வாசலில் மருமகள் நிற்கிறாள். பேரன் நிற்கிறான். பேத்தி நாக்கை நீட்டுகிறாள்.

"எல்லாரும் இருக்கீங்க. என் புள்ள எங்கடி?"

"அவருதான் அத்தே போட்டோ எடுத்தாரு."

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் அத்தனை பயணங்களிலும் கூட இருந்த மனிதர், ஒரு படத்திலும் இல்லாமல் போவது பல வீடுகளில் நடக்கிற கதை. பஸ்சுக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான். லீவு கேட்டு மேலதிகாரியிடம் நின்றவரும் அவர்தான். படத்தில் மட்டும் அவர் கிடையாது. வழியில் போகிறவரிடம் செல்போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால், அவர் கால்களை வெட்டிவிட்டு வானத்தை நிறைய எடுத்துக் கொடுப்பார். இந்தக் குறைக்கு மருந்து, கையளவு நீளமுள்ள ஒரு ஸ்டாண்டுதான்.

இன்னொரு குறையும் உண்டு. மாலை மயங்கிய பிறகு எடுத்த படங்களில் பாதி, எண்ணெய்க் கறை பட்டதுபோல இழுபட்டு நிற்கும். மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் ஏறத்தாழ 1 லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும்போது, கூடியிருக்கும் ஜனங்கள் ஓவென்று கத்திக்கொண்டே செல்போனைத் தூக்குவார்கள். கை ஆடும். விளக்குகள் புழுக்களாக நெளியும். காமிராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடியது கைதான்.

கை ஏன் ஆடுகிறது?

வெளிச்சம் குறைந்தால் காமிராவின் கண் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். பழைய போட்டோகிராபர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் நொடியில் 50-ல் ஒரு பங்கு வரை கையில் பிடித்து எடுக்கலாம். 200 மில்லிமீட்டர் என்றால் 200-ல் ஒரு பங்கு. அதற்கு மேல் நேரம் போனால் ஸ்டாண்டு வேண்டும். இன்றைய காமிராக்களிலும் செல்போன்களிலும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு வந்துவிட்டதால் இந்தக் கணக்கு சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஆனால் ஒழிந்துவிடவில்லை.

செல்போனில் இருக்கும் 'நைட் மோடு' என்பதும் மந்திரம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்கள் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒரே படமாக்கித் தருகிறது. கையில் பிடித்திருந்தால் சில நொடிகளோடு நிறுத்திக்கொள்ளும். ஸ்டாண்டில் அசையாமல் இருப்பதை அதுவே உணர்ந்துகொண்டால் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஐபோன்களில் 30 நொடி வரை போகும். கூகுள் பிக்சல் போன்களில் நட்சத்திரங்களை எடுப்பதற்கென்று 4 நிமிடம் வரை திறந்து வைக்கும் வசதி இருக்கிறது. அத்தனை நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு கையை நீட்டி நிற்க யாரால் முடியும்?

மாட்டு வண்டியில் போன காமிரா

பெங்களூரிலிருந்து காமிராவும் ஸ்டாண்டுமாகத் தமிழ்நாட்டுக்குப் பயணம் போவது புதிய பழக்கம் அல்ல. 160 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இங்கே வந்தார். டிரைப் என்ற பெயருக்கும் டிரைபாடுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பெயர் பொருந்தி வந்தது தற்செயல். 1854 டிசம்பரில் அவர் ஹளேபீடு கோவிலைப் படம் பிடித்தார். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவுடன் சென்று அங்கும் படங்கள் எடுத்தார். அதன் பிறகு சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வ போட்டோகிராபராக நியமித்தது. அவர் கடை விரித்த இடம் பெங்களூர்.

1857-ம் ஆண்டின் கடைசியில் பெங்களூரிலிருந்து அவருடைய பயணம் கிளம்பியது. இன்றைக்கு ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் ராயக்கோட்டை அந்தப் பயணத்தில் இருக்கிறது. சேலம் மாவட்டம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று 1858-ன் முதல் சில மாதங்களுக்குள் சுற்றி முடித்தார். ரெயில் கிடையாது. சாமான்கள் போனது மாட்டு வண்டிகளில். அவருடைய காமிரா ஒரு சிறிய அலமாரி அளவு இருந்திருக்கும். ஏனென்றால் அந்த நாளில் படத்தைப் பிற்பாடு பெரிதாக்கும் வசதி கிடையாது. 15 அங்குல அகலத்தில் படம் வேண்டுமானால், 15 அங்குல நெகடிவைத் தாங்கும் காமிராவே வேண்டும். நெகடிவ் காகிதத்தில். வெயில் கொளுத்தும் கோவில் பிரகாரத்திலும் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரமும் அந்தக் காமிரா ஒரு மயிரிழை கூட அசையக்கூடாது.

அதில் ஒரு வேலை இன்றைக்கும் வியப்பூட்டுவது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா? அவற்றை விட்டுப்போகாமல் படம் பிடிக்க நினைத்தார் டிரைப். காமிராவை நகர்த்தி நகர்த்தி, ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் வைத்து, 21 படங்களை எடுத்து ஒட்டினார். மொத்த நீளம் ஏறத்தாழ 19 அடி. ஒரு படத்தில் காமிரா அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் அடுத்த படத்தோடு எழுத்து வரிசை சேராது. இந்தக் காலத்தில் செல்போனில் 'பனோரமா' என்று பொத்தானை அழுத்திக் கையைச் சுழற்றுகிறார்களே, அதே காரியம்தான். அவர் காமிராவுக்குக் கீழே இருந்தது உறுதியான மரக்கால்.

1859-ல் சென்னைக்குப் புதிய கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கத்தின் பண நிலைமைக்கு இது ஆடம்பரச் செலவு என்று கருதி, அந்த வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். டிரைப் பெரிய அளவில் காமிராவைத் தொட்டது அத்தோடு சரி. 1902-ல் இறந்தார். அந்தப் படங்களோ உலகத்தின் பெரிய மியூசியங்களில் இருக்கின்றன.

பெங்களூருக்கும் காமிராவுக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. தஞ்சாவூரைப் பெயரிலேயே சுமந்த தமிழர் டி.என்.ஏ.பெருமாள் (1932-2017) இந்த ஊரில் வாழ்ந்துதான் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடித்து உலகப் பெயர் வாங்கினார். 1971-ல் தொடங்கிய யூத் போட்டோகிராபிக் சொசைட்டி என்ற சங்கம் இன்றும் பெங்களூரில் நடக்கிறது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் காமிராவைத் தூக்கியவர்களுக்கு இந்த ஊரில் என்றும் குறைவில்லை.

எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

இனி கடைக்குப் போவோம். எஸ்.பி.ரோட்டில் செல்போன் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டாண்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை விலை. நுழைந்தவுடன் கடைக்காரர் கேட்பார்:

"என்ன சார், ஆறு அடி வேணுமா, ஏழு அடி வேணுமா?"

இந்தக் கேள்விக்கு மயங்கிவிடக்கூடாது. உயரம் முதல் கேள்வி அல்ல. "மடக்கினால் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை?" என்பதுதான் பயணம் போகிறவர் கேட்க வேண்டியது. இரண்டு கிலோ ஸ்டாண்டு கடையில் கனக்காது. ஸ்ரவணபெளகொளாவில் 600-க்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறும்போது கனக்கும். ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் பை. ஸ்டாண்டை யார் தூக்குவது? அடுத்த பயணத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் ஸ்டாண்டு எவ்வளவு உயரமாக இருந்து என்ன பயன்?

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஆறேழு அங்குலத்தில் வரும் குட்டி ஸ்டாண்டே போதும். கால் கிலோவுக்கும் குறைவு. சட்டைப் பையில் கூட அடங்கும். தரையில் வைத்தால் கீழிருந்து மேலே பார்க்கும் படம் வரும்; சுவரிலோ, பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலோ, பாறையிலோ வைத்தால் ஆள் உயரத்துக்கு வரும். மைசூர் அரண்மனை மைதானத்தில் நம் பையையே மேஜையாக்கி அதன்மேல் வைக்கலாம். கால்களை மடித்துக் கைப்பிடியாகப் பிடித்து நடந்துகொண்டே வீடியோ எடுக்கலாம். நூற்றில் எண்பது பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பதே உண்மை.

அடுத்தது, வளைகிற கால் உள்ள ஸ்டாண்டு. மணி மணியாகக் கோத்ததுபோல் இருக்கும் மூன்று கால்களை எப்படி வேண்டுமானாலும் முறுக்கலாம். ஜோபி என்ற கம்பெனி 2006-ல் 'கொரில்லாபாட்' என்று கொண்டுவந்தது. இப்போது அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்குகள் எங்கும் கிடைக்கின்றன. பார்க் கம்பியிலும் மரக்கிளையிலும் பைக் கைப்பிடியிலும் சுற்றிக் கட்டலாம். குரங்குபோல் தொங்கும். செல்போனுக்கும் சிறிய காமிராவுக்கும் நல்லது. கனமான காமிராவை மலிவான வளைகால் ஸ்டாண்டில் ஏற்றினால், மெதுவாகத் தலை குனிந்து, படம் எடுத்து முடிப்பதற்குள் தரையைப் பார்க்கும். அசல் சரக்கில் '1கே', '3கே', '5கே' என்று எழுதியிருப்பது அது தாங்கும் கிலோ எடை. காமிரா, லென்ஸ் இரண்டையும் சேர்த்து எடை பார்த்து, அதற்கு இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்கினால் நிம்மதி.

லென்ஸ் மாற்றும் காமிரா வைத்திருப்பவர்களுக்கு முழு அளவு ஸ்டாண்டு தேவைதான். ஆனால் 'டிராவல் டிரைபாட்' என்று கேட்டு வாங்க வேண்டும். கால்கள் பின்பக்கமாகத் தலைக்கு மேல் மடங்கி, ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும். எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. அலுமினியம் மலிவு, கார்பன் பைபர் எடை குறைவு, விலை பல மடங்கு. மாதச் சம்பளக்காரர் கார்பனுக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்க வேண்டாம். காலில் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். ஐந்து அடுக்கு என்றால் நன்றாகச் சுருங்கும். ஆனால் கடைசி அடுக்கு பென்சில்போல் மெலிந்து காற்றில் நடுங்கும். நான்கு அடுக்கு நடுத்தரம்.

நடுத்தண்டு ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் உயரம் கூடும். ஆறு அடி, ஏழு அடி என்று கடைக்காரர் சொன்னாரே, அந்தக் கணக்கு பெரும்பாலும் இந்தத் தண்டை முழுக்கத் தூக்கிய கணக்கு. தூக்கிய பிறகு அது மூன்று கால் ஸ்டாண்டு அல்ல, மூன்று கால் மேல் வைத்த ஒற்றைக் கம்பு. ஆடத்தான் செய்யும். தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையை அதில் மாட்டித் தொங்கவிடலாம். கனம் சேர்ந்து ஸ்டாண்டு நிலைக்கும். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். விடியற்காலைக் காற்று அங்கே ஆளையே தள்ளும். கொக்கியில் தொங்கும் புளிசாதப் பை அப்போது பெரிய உதவி. பை தரையை லேசாகத் தொடட்டும். அந்தரத்தில் ஊசலாடினால் ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டிவிடும்.

விழுந்தால் யார் பொறுப்பு?

ஸ்டாண்டு வாங்கும்போது பலர் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். செல்போனைக் கவ்வும் கிளிப்பைப் பார்க்க மாட்டார்கள். செல்போன் விழுவது அந்த இடத்தில்தான். ஸ்பிரிங் கிளிப்புகள் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். திருகி இறுக்கும் கிளிப்பு நிதானம். பல்லிடத்தில் ரப்பர் இருக்க வேண்டும். கடையிலேயே உங்கள் செல்போனை, உறையோடு, மாட்டிப் பாருங்கள். தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கையைக் காட்டி, லேசாக உதறுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 300 ரூபாய் ஸ்டாண்டை நம்பி 15 ஆயிரம் ரூபாய் போனை மாட்டுகிறவர் நீங்கள். தவணை முடியாத போன் ஜோக் அருவிப் பள்ளத்தில் விழுந்தால் மீதித் தவணையைக் கட்டுவதும் நீங்கள்தான்.

காமிராவுக்கு அடியில் உள்ள துளை உலகம் முழுக்க ஒரே அளவு: கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. எந்தக் கம்பெனி காமிராவும் எந்தக் கம்பெனி ஸ்டாண்டிலும் ஏறும். ஆனால் காமிராவை மாட்டிக் கழற்றும் தகட்டில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபாடு. அந்தத் தகடு தொலைந்தால் ஸ்டாண்டு முழுவதும் வீண். 'ஆர்க்கா ஸ்விஸ்' மாதிரித் தகடு என்று கேட்டு வாங்கினால், தொலைந்தாலும் வேறொன்று எளிதில் கிடைக்கும்.

பத்து ரூபாய் வைத்தியம்

ஸ்டாண்டு வாங்கப் பணம் இல்லையா? இரும்புக் கடையில் ஒரு கால் அங்குல போல்ட் வாங்குங்கள். அதன் தலையில் கனமான கயிற்றைக் கட்டுங்கள். போல்ட்டைக் காமிராவின் அடித்துளையில் திருகுங்கள். நான்கைந்து புரி போதும். ஆழமாகத் திருகினால் உள்ளே உடையும். கயிற்றின் மறு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு காமிராவை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைத்து நிற்கும். மேலும் கீழும் ஆடும் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். செல்போனுக்கு, கிளிப்பின் அடியில் உள்ள துளையில் போல்ட்டைத் திருகலாம். பல நொடி திறந்து வைக்கும் இரவுப் படத்துக்கு இது பயன்படாது. மங்கலான மண்டபத்துக்குப் பயன்படும். சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கும்.

இன்னொன்று தானியப் பை. கெட்டித் துணியில் ஒரு சாண் அளவுக்குப் பை தைத்து, ஜிப் வைத்து, காலியாக எடுத்துப் போங்கள். போன ஊரில் ஒரு கிலோ அரிசியோ மொச்சையோ வாங்கி நிரப்புங்கள். சுவர் மேலோ, ஜீப் ஜன்னலிலோ வைத்து, அதன்மேல் காமிராவை அழுத்தினால் குழந்தை மெத்தையில் படுப்பதுபோல் படுத்துக்கொள்ளும். காட்டுக்குள் வண்டியில் போகிறவர்கள் ஸ்டாண்டைவிட இதைத்தான் நம்புகிறார்கள். திரும்பும்போது அரிசியைச் சமைத்துவிடலாம்.

காவலாளி விசில் ஊதினால்?

ஸ்டாண்டை எங்கே விரிக்கலாம், எங்கே விரிக்கக்கூடாது என்பது தெரியாமல் போனால் அவமானம்தான் மிஞ்சும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், 1959-ல் வந்த விதிகளின்படி, கையில் பிடித்து எடுப்பது வேறு, ஸ்டாண்டு வைத்து எடுப்பது வேறு. ஸ்டாண்டுக்கு முன் அனுமதி வேண்டும். பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஹொய்சாளக் கோவில்கள் 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஹம்பி 1986-லேயே சேர்ந்துவிட்டது. இங்கெல்லாம் மூன்று காலை விரித்தால் காவலாளி விசில் ஊதுவார். நம்மவர்கள் அவரோடு வாக்குவாதம் செய்வது தவறு. கல் தளத்தில் இரும்பு முனை கீறும். சிற்பத்தில் ஸ்டாண்டு சாய்ந்தால் 900 ஆண்டு வேலை ஒரு நொடியில் மூக்கறுந்து போகும். அவர் சொல்வது நியாயம்தான். தஞ்சைப் பெரிய கோவிலும் மாமல்லபுரமும் இதே துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

பேலூர் சென்னகேசவர் கோவிலின் உள் மண்டபம் பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். அங்கே அந்தப் போல்ட்டும் கயிறும் கைகொடுக்கும். தூண்களில் சாய்ந்துகொண்டு எடுக்க வேண்டாம், அவையும் சிற்பங்கள்தாம்.

தமிழ்நாட்டுக் கோவில்களில் வேறு சங்கதி. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோவில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. திருச்செந்தூருக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் ஸ்டாண்டை மட்டுமல்ல, போனையே வாசலில் ஒப்படைக்க வேண்டிவரும். கோபுரத்தை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டம் உள்ள இடத்தில், யார் தடுக்காவிட்டாலும், நாமே ஸ்டாண்டை விரிக்காமல் இருப்பது நல்லது. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளரபேட்டை தர்மராயர் கோவிலிலிருந்து கரகம் கிளம்பும்போது, உருவிய வாள்களோடு வீரகுமாரர்கள் ஓடிவருவார்கள். அவர்கள் காலில் உங்கள் ஸ்டாண்டின் கால் தட்டினால் என்ன ஆகும்? செப்டம்பர் 8-ந்தேதி சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயத் தேரின்போதும் அப்படித்தான். இப்படிப்பட்ட இடங்களில் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் கம்பு உதவும். ஊன்றுகோல்போல் ஒரே காலில் நிற்கும்; இடம் அடைக்காது; மலையேறும்போது தடியாகவும் ஆகும். அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், எடுப்பவர் படத்தில் வர முடியாது.

ஒக்கலிபுரத்து இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தண்டவாளம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக அதன் நடுவில் ஸ்டாண்டை வைத்து ரீல்ஸ் எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதே குற்றம். காதில் பாட்டுக் கருவி மாட்டியிருப்பவனுக்குப் பின்னால் வரும் மின்சார ரெயிலின் சத்தம் கேட்பதில்லை.

அந்தப் பத்து நொடி

ஸ்டாண்டு வாங்கியதும் நேரே பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். முதலில் மொட்டை மாடியில் விரித்துப் பழகுங்கள். தடித்த கால் அடுக்கை முதலில் நீட்டுங்கள், மெலிந்ததைக் கடைசியில். ஒரு காலை எடுக்கப்போகும் பொருளை நோக்கி வையுங்கள். மற்ற இரண்டும் உங்கள் பக்கம் இருந்தால் நடுவில் நீங்கள் நிற்கலாம், தடுக்கி விழமாட்டீர்கள். சரிவில் நின்றால் நீளமான கால் பள்ளத்துப் பக்கம். கடற்கரையில் வைத்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பும் மணலும் பூட்டுகளைத் தின்றுவிடும். சில பழைய காமிராக்களில், ஸ்டாண்டில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பு விசையை அணைத்துவிட வேண்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தை ஆட்டும்.

பொத்தானை விரலால் அழுத்தினால் அந்த அழுத்தமே படத்தை ஆட்டிவிடும். அதற்குத்தான் டைமர். இரவுப் படத்துக்கு 2 நொடி போதும். குடும்பப் படத்துக்கு 10 நொடி. முதலில் எல்லாரையும் நிற்க வைத்து, உங்களுக்கு ஓர் இடம் காலியாக விடச் சொல்லுங்கள். இந்த இடம் நடுவில் இருக்க வேண்டாம். ஓடி வந்து நுழைவதற்கு ஓரம்தான் வசதி. பொத்தானை அழுத்திவிட்டு நிதானமாக நடங்கள். பத்து நொடி நினைப்பதைவிட நீளமானது. வேட்டியைச் சரிசெய்யவும், மகன் தோளில் கைபோடவும் நேரம் இருக்கும். ஒரே படத்தோடு நிறுத்தாமல் நாலைந்து எடுங்கள். ஒன்றில் பேத்தி நாக்கை நீட்டியிருப்பாள், ஒன்றில் பாட்டி கண்ணை மூடியிருப்பாள்.